வாலில்லாத ஒன்றைத் தேடி

நான் வெள்ளிக்கிழமை பிறந்தவள். ரங்கூனில் இது சாதாரண விஷயம் இல்லை. இந்த ஊரில் பிறந்த தேதியை மறந்தவர்கள் உண்டு, பிறந்த கிழமையை மறந்தவரை நான் பார்த்ததில்லை. கிழமைக்கு ஒரு திசை, ஒரு கிரகம், ஒரு விலங்கு. பயாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்குப் போனால், அவரவர் கிழமையின் மூலையில் நின்று, அங்கிருக்கும் புத்தர் சிலைக்கும் விலங்குக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணன் செவ்வாய், அவனுக்குச் சிங்கம். அக்கா திங்கள், புலி. அப்பா சனி, நாகம். அம்மா புதன் காலை, தந்தமுள்ள யானை. வியாழக்கிழமைக்காரர்களுக்கு எலி என்றாலும், அதற்காவது நீளமாக ஒரு வால் இருக்கிறது. வெள்ளிக்கு உள்ளது வாலும் இல்லாத எலி. பர்மிய மொழியில் 'பூ' என்பார்கள்.

சின்ன வயதில் இதற்காக நான் அழுதிருக்கிறேன். அண்ணன் வேண்டுமென்றே கர்ஜிப்பான். அம்மாதான் சமாதானம் சொல்வாள்: "அது எலி இல்லடி, பெருச்சாளி. பிள்ளையார் ஏறுற வாகனம். வால் பின்னாடி மடிஞ்சிருக்கும், உனக்குத் தெரியல." இந்த வாலைப் பற்றிய தகராறு எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக நடக்கிறது.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக் கட்டடங்களில் இருக்கும் விலங்குகளை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு முழு நாள் நடக்கலாம் என்று தோன்றியது. வழிகாட்டி இல்லை, வரைபடம் இல்லை, அண்ணனின் பழைய கணக்கு நோட்டு ஒன்று மட்டும். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி, விலங்கு கட்டடத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். கடைப் போர்டில் வரைந்த கோழி கணக்கில் வராது. அப்புறம் உள்ளுக்குள் ஒரு ரகசிய விதியும் இருந்தது. பயாவின் கிழமை மூலைகளைத் தவிர வேறு எங்காவது, ஒரே ஒரு கட்டடத்திலாவது, என் விலங்கைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ஆற்றோரம் ஸ்டிராண்ட் சாலையில் இருக்கும் ஹொக்கியன் சீனக் கோயிலில் ஆரம்பித்தேன். கெங் ஹாக் கியோங் என்று பெயர், கடலோடிகளைக் காக்கும் மாஸு அம்மனுக்கு உரியது. கூரை முகட்டில் டிராகன்கள் நெளிகின்றன. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீனக் கோயில் என்றால் டிராகன் இருக்கும், வாசலில் பந்தை மிதிக்கும் சிங்கமும் குட்டியை மிதிக்கும் சிங்கமும் இருக்கும். நோட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்தேன். சீன வருடச் சக்கரத்திலும் எலி இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் நின்று தேடினேன். இல்லை.

அங்கிருந்து வடக்கே அனவ்ரதா சாலைக்கு நடந்தேன். அப்பா கடைசிவரை அதைப் பிரேசர் தெரு என்றுதான் சொன்னார். மகாபந்தூலா சாலை அவருக்கு டல்ஹௌசி தெரு, ஷ்வேபொன்தா தெரு மொகல் தெரு. வழி கேட்ட டாக்ஸிக்காரர்கள் விழிப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அண்ணாந்து பார்த்து நடக்கிறவர்களுக்காகப் போடப்பட்டவை அல்ல ரங்கூன் நடைபாதைகள். சாக்கடை மேல் மூடியிருக்கும் கான்கிரீட் பலகைகளில் பாதி ஆடும், மீதியில் ஒரு மூலை இருக்காது. வெற்றிலை எச்சில் வேறு. குறுக்குத் தெரு ஒன்றில் மூன்றாவது மாடிப் பலகணிக்குக் கீழே சுதையில் செய்த ஒரு சிங்க முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, பலகை இடுக்கில் கால்விரலைக் கொடுத்துவிட்டேன். நகம் பாதி போயிற்று. அந்த வீட்டின் மாடியிலிருந்து ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே எல்லா மாடி வீடுகளிலும் இப்படி ஒரு கயிறு உண்டு. நுனியில் கிளிப் இருக்கும், பேப்பர்காரர் கீழே நின்று பேப்பரைச் செருகிவிட்டுக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். நான் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த ஆயா எதுவும் கேட்காமல் அதே கிளிப்பில் ஒரு பிளாஸ்டர் பட்டையைச் செருகி இறக்கினார். சிங்கத்தின் வாயை ஒட்டித்தான் கயிறு இறங்கியது. மூக்கு உடைந்த, பாசி படிந்த, யாரும் பெயர் எழுதி வைக்காத சிங்கம். அன்று பார்த்தவற்றில் அதுதான் எனக்குப் பிடித்தது.

காளியம்மன் கோயிலை 1871-இல் தமிழர்கள் கட்டினார்கள். கோபுரத்தை ஆயிரம் முறை பார்த்திருப்பேன், பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது அன்றுதான். சிலைகளின் தலைகளில் உயிருள்ள புறாக்கள் உட்கார்ந்திருப்பதால் எது சுதை எது புறா என்று பிரிக்கவே நேரம் ஆயிற்று. கோபுரத்து உச்சியின் இரண்டு பக்கங்களிலும் பல்லைக் காட்டிக்கொண்டு கண்ணை உருட்டும் அந்த முகத்தை நம்மில் பலர் யாளி என்றே சொல்லிவிடுகிறோம். அதற்குக் கீர்த்திமுகம் என்று பெயர், அது பிறந்த கதையும் விசித்திரமானது. ஜலந்தராசுரனின் தூதனாக ராகு வந்து பார்வதியைக் கேட்க, சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து பசியே உருவான ஒரு பூதம் கிளம்பி ராகுவைத் தின்னப் பாய்ந்தது. ராகு மன்னிப்புக் கேட்டுவிட்டான். பூதத்துக்கோ பசி தீரவில்லை. உன்னையே தின்றுகொள் என்றார் சிவன். கால், வயிறு, மார்பு என்று தின்றுகொண்டே வந்து முகம் மட்டும் மிஞ்சியது.

இதே முகம் பர்மியக் கோயில்களிலும் இருக்கிறது. பகான் கோயில் சுவர்களின் மேல்விளிம்பில் வரிசையாகப் பூதமுகங்கள், வாயிலிருந்து பூமாலையும் முத்துச்சரமும் தொங்கும். 'பீலூ பன் ஸ்வே' என்பார்கள், பூவைக் கவ்விய பூதம். நம் ஆள் எல்லாவற்றையும் தின்றார், இங்கே வந்தபின் வாயில் பூவைக் கொடுத்திருக்கிறார்கள். ராகுவும் இங்கே சும்மா இல்லை. நாம் ராகுகாலம் பார்ப்பதுபோல் இவர்கள் புதன்கிழமையை இரண்டாக வெட்டி, மதியத்துக்குமேல் பிறந்தவர்களை ராகுவிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குத் தந்தமில்லாத யானை. ஏழு நாளில் எட்டு மூலையை நிரப்ப வேண்டுமே.

உள்ளே போனதும் பிள்ளையார் சந்நிதியில் குனிந்து மூஷிகத்தைப் பார்த்தேன். வால் இருந்தது, தெளிவாக. குருக்களிடம் கேட்டேன்.

"சாமி, மூஷிகத்துக்கு வால் இல்லாம எங்கேயாவது செஞ்சிருக்காங்களா?"

"வால் இல்லாம எலி ஏதும்மா? உடைஞ்சிருந்தாத்தான் உண்டு."

அம்மாவுக்கு இதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சூலே பயாவை நோக்கிக் கிழக்கே நடக்கும்போது மொகல் தெரு குறுக்கிடும். செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது கடன் கொடுக்கும் கூடங்கள், இருந்த தெரு. எங்கள் தாத்தா அங்கே ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதியவர். பெட்டியடிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு செட்டியாருக்கும் ஒரு மரப்பெட்டி, அதன் முன்னால் சம்மணம், அவ்வளவுதான் வங்கி. இன்றைக்கு அங்கே நின்றால் அது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. 1930-க்குப் பிறகு நெல்விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துகொண்டே இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு அவர்களிடம் இருந்தது. தாத்தாவின் பேரேட்டிலும் அதில் சில ஏக்கர்கள் இருந்திருக்கும். 1930 டிசம்பரில் தாராவடியில் கலகத்தைத் தொடங்கிய சாயா சான், தன் படைக்குக் 'கலோன்' என்று பேர் வைத்தார். கலோன் என்றால் கருடன். கருடன் பாம்பைக் கொத்தும், பாம்பு ஆங்கிலேய ஆட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. 1931-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். பெருமாள் கோயிலில் கை கூப்பி நிற்கிற கருடனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதே கருடன் நெஞ்சில் பச்சை குத்தப்பட்டு, துப்பாக்கிக் குண்டு பாயாது என்று நம்பிய ஒரு விவசாயியோடு வயல்வெளியில் நடந்ததைப் பெரியவளான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

போ சுன் பட் தெருவில் சூலியா மசூதி. சூலியா என்றால் நம் தமிழ் முஸ்லிம்கள். விலங்கு எதுவும் இருக்காது என்று தெரிந்தே போனேன். நோட்டில் 'காக்கை 9, உயிருள்ளவை' என்று எழுதினேன்.

சூலே பயா சாலை நடுவே ரவுண்டானாவில் நிற்கிறது, அடிவாரத்தைச் சுற்றிலும் கடைகள், ஜோசியர்கள். 1850-களில் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைக் கட்டம் கட்டமாக வரைந்தபோது இதைத்தான் நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டார்கள். உள்ளே போனால் என் விலங்கைப் பார்த்துவிடலாம். ஆனால் விதி விதிதான். எதிரே இருந்த நகர மண்டபத்துக்குப் போய்விட்டேன்.

1936-இல் கட்டி முடித்த கட்டடம். பர்மியக் கட்டடக் கலைஞர் ஊ டின், ஆங்கிலேய உடம்பின்மேல் அரண்மனை அடுக்குக் கூரைகளை ஏற்றிவைத்தார். ரங்கூன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை 1954-இல் இதே பாணியில் கட்டியவரும் அவர்தான். நகர மண்டபத்து வாசலுக்கு மேலே மயில், கூடவே நாகங்கள். மயில் கொன்பாங் அரசர்களின் சின்னம், மின்டோன் மன்னர் அடித்த நாணயங்களில் தோகை விரித்து நிற்கும். 1885-இல் ஆங்கிலேயர்கள் கடைசி அரசரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அதே ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டிய மண்டபத்தின் நெற்றியில் அந்த மயிலை ஏற்றிவிட்டார் ஊ டின். யாரும் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டார்களா? எனக்கென்னவோ அந்த வாசல் இந்த ஊரின் மிக அழகான குறும்பு என்று தோன்றுகிறது.

மயிலுக்குக் காலடியில் பாம்பைப் பார்த்தால் நமக்கு முருகன்தான் ஞாபகம் வருவார். பக்கத்தில் நின்றிருந்த ஒரு பர்மியப் பையன், நான் எதை இவ்வளவு நேரம் பார்க்கிறேன் என்று தானும் அண்ணாந்து பார்த்தான். பாம்பைக் காட்டினேன். "ஓ, இருக்கிறதா!" என்றான். தினமும் அந்தப் பக்கம்தான் பஸ் ஏறுகிறானாம்.

இன்னொரு அரசாங்கக் கட்டடத்தின் முன்னால் நோட்டை எடுத்து எழுதப்போக, காவலுக்கு நின்றவர் வந்து என்ன எழுதுகிறாய் என்றார். நோட்டைக் காட்டினேன். தமிழ் எழுத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். சிங்கம் எண்ணுகிறேன் என்று விளக்கினேன். எத்தனை வந்திருக்கிறது என்று கேட்டார். பதினேழு என்றேன். போ என்று கையை ஆட்டினார், ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது அவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே மகாபந்தூலா பூங்கா. முன்பு விக்டோரியா ராணி சிலை நின்ற சதுக்கத்தில் இப்போது ஏறத்தாழ 50 மீட்டர் உயரச் சுதந்திரத் தூண். அடியில் சுற்றிலும் சிந்தேக்கள், அதாவது பர்மியச் சிங்கங்கள். பதினேழு சட்டென்று எங்கேயோ போய்விட்டது. சிங்கங்களை எண்ணுவதை அங்கேயே நிறுத்திவிட்டேன். இந்த நாட்டுக் காட்டில் யானை உண்டு, புலி உண்டு, மயில் உண்டு. சிங்கம் ஒருகாலமும் இருந்ததில்லை. தமிழ்நாட்டிலும்தான் இல்லை. இரண்டு ஊர் சிற்பியும் சிங்கத்தைக் கண்ணால் பார்க்காமலே காலங்காலமாகச் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ நம் யாளிக்குத் தும்பிக்கை முளைத்தது, இவர்கள் சிந்தேக்குப் பிடரியில் தீச்சுடர் மாதிரி சுருள் முளைத்தது.

மத்தியானம் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் போட்டுப் பையனைக் கூப்பிட்டு (வெளியூர்க்காரர்கள் பதறிவிடுவார்கள், இங்கே அதுதான் மரியாதை), ஒரு லபெயேயும் சமோசா சாலட்டும் வாங்கிக்கொண்டு நோட்டைப் புரட்டினேன். டிராகன், சிங்கம், மயில், நாகம், அன்னம், யானை. எலி ஜாதி, வாகனம் ஒன்று தவிர, பூஜ்யம். ஒரு விஷயம் மட்டும் புரிந்தது. ஆங்கில வழிகாட்டிப் புத்தகங்களில் வெள்ளிக்கிழமை விலங்கைக் கினிப்பன்றி என்று எழுதியிருக்கும். கினிப்பன்றி தென் அமெரிக்கப் பிராணி, ஐரோப்பியர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த பிறகுதான் ஆசியா அதைப் பார்த்தது. நம் கிரகக் கணக்கோ அதற்கு எவ்வளவோ முந்தையது. 'பூ' என்பது இங்கே மண்ணைக் குடைந்து வாழும் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். மூங்கில் எலி மாதிரி, குட்டை வாலோடு தடியாக. மண்ணுக்குள் இருப்பதை யார் கட்டடத்தின் நெற்றியில் வைப்பார்கள்?

சாயங்காலம் பஸ் ஏறி ஷ்வேடகோன் பயாவுக்குப் போனேன். தெற்கு வாசலில் இரண்டு சிந்தேக்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீட்டர். காலடியில் நின்றால் தாடையின் அடிப்பக்கம்தான் தெரியும். ஒருமுறை வேறொரு பயாவின் வாசலில் என் நிறத்தைப் பார்த்துவிட்டு வெளிநாட்டவர் டிக்கெட் வரிசைக்குப் போகச் சொன்னார்கள். நான் இந்த ஊர்க்காரி என்று பர்மிய மொழியில் சொன்னதும், சீட்டுக் கொடுப்பவர் "எந்தக் கிழமை?" என்று கேட்டார். வெள்ளி என்றதும் விட்டுவிட்டார். அதுதான் இங்கே அடையாள அட்டை.

சிந்தேவின் கதை நமக்கும் தெரிந்ததுதான். ஒரு இளவரசிக்கும் சிங்கத்துக்கும் பிள்ளை பிறக்கிறது. அவள் சிங்கத்தை விட்டுவிட்டுப் பிள்ளையோடு ஊருக்கு வந்துவிடுகிறாள். தேடி அலைந்த சிங்கம் வெறிபிடித்து ஊரைச் சூறையாட, வளர்ந்த மகன் அதைக் கொல்கிறான். கொன்றது அப்பனை என்று தாய் சொல்ல, பாவம் தீரச் சிங்கத்துக்குச் சிலை வைத்துப் பயா வாசலில் காவலுக்கு நிறுத்துகிறான். மகாவம்சத்தில் சிங்கபாகு என்று வருகிறவனின் கதைக்கு உறவு இது. அந்தச் சிங்கபாகுவின் மகன் விஜயன்தான் இலங்கைக்குப் போய், பாண்டிய நாட்டு மதுரையில் பெண் எடுத்தவன். ஆக இந்த வாசலில் நிற்பது கொஞ்சம் சுற்றிவளைத்தால் நமக்குச் சம்பந்தி வீடு.

104 படி ஏறினால் மேடை. 99 மீட்டர் பொன் கோபுரம் வெயில் சாய்ந்து தாமிர நிறமாக மாறும் நேரம். சின்னச் சின்ன கோபுரங்களின் மூலைகளில் மனுஸீஹாக்கள் உட்கார்ந்திருந்தன, மனிதத் தலை, மூலையின் இரண்டு பக்கமும் பிரிந்து போகும் இரண்டு சிங்க உடல்கள். நரசிம்மரைத் தலைகீழாக்கியது மாதிரி. நம்மவருக்குத் தலை சிங்கம், இவருக்கு உடம்பு சிங்கம். தம்பத்தின் உச்சியில் அன்னம் ஒன்று நின்றது, நம் கொடிமரம் போலவே. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்தது.

வெள்ளிக்கு வடக்கு மூலை. வழக்கமாக மூன்று நிமிடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விடுவேன். அன்று விலங்கின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். முழங்கை அளவுகூட இல்லை. வருடக்கணக்காகத் தண்ணீர் பட்டுப் பட்டு மூக்கு மழுங்கி வழவழப்பாகியிருந்தது. காதுகள் இரண்டும் சின்னச் சின்னச் சோழி மாதிரி. முன்கால்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, யாரோ திட்டிவிட்டுப் போனபின் மூலையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்தோடு இருந்தது. கழுத்தில் யாரோ மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். பக்கத்து மூலையில் ராகுவின் யானைக்கு நல்ல கூட்டம்.

வயதுக்கு ஒன்று கூடுதலாகக் கிண்ணம் கிண்ணமாக ஊற்ற வேண்டும். நாற்பத்தி மூன்று வரை சரியாக எண்ணினேன். அப்புறம் வாலைத் தேடிப் பக்கவாட்டில் தலையை நுழைத்துப் பார்த்ததில் கணக்கு தவறிவிட்டது. பின்பக்கம் தூணோடு ஒட்டியிருந்தது. விரலை விட்டுத் தடவினேன். ஈரமும் பாசியும்தான். எனக்கு அடுத்து நின்ற ஒரு பர்மியப் பாட்டி, "என்ன மகளே, எதையாவது போட்டுவிட்டாயா?" என்றார். வால் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அவரும் வெள்ளிக்கிழமைக்காரி. எழுபது வருடமாக ஊற்றுகிறாராம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, லுங்கியை இழுத்துக்கொண்டு அவரும் எட்டிப் பார்த்தார். "தெரியவில்லையே" என்றார் கவலையாக.

கீழே இறங்கும்போது அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பக்கத்துல போய் பாத்தேம்மா. வால் இல்ல."

"பின்னாடி பாத்தியா?"

"பின்னாடி தூணும்மா. ஒட்டி வச்சிருக்காங்க."

"அப்பச் சரி. அங்கதான் இருக்கும்" என்றாள்.